நாக்குக்கு அடியில் சுள்ளென்று

என் வீட்டுக்காரருக்கு எதையும் வெறுமனே வைக்கத் தெரியாது. டிவி ரிமோட்டுக்குக் கவர். ரேஷன் கார்டுக்குக் கவர். தீப்பெட்டிக்கும் கவர், அதைப் பிரித்துக் குச்சியை எடுத்து அடுப்பைப் பற்ற வைப்பதற்குள் எனக்குக் குழம்பு வைக்கிற ஆசையே போய்விடும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. பனியனை மடித்து, உள்ளே அட்டை வைத்து, பாலித்தீன் கவருக்குள் தள்ளி, காற்றை அமுக்கி வெளியேற்றி, ஒட்டிப் பெட்டியில் அடுக்குகிற வேலை. கப்பலேறி இறங்கும்வரை துணியில் ஈரம் படக் கூடாது, தூசி படக் கூடாது, யாருடைய வியர்வைக் கையும் படக் கூடாது. அந்தப் புத்தி வீட்டுக்கு வந்த பிறகும் அவரை விட்டுப் போகாது.

"ஏனுங்க, என்னையும் ஒரு கவருக்குள்ள போட்டு ஒட்டிருங்க. நிம்மதியாப் போயிரும்" என்று கத்துவேன். எங்கள் பக்கத்துப் பேச்சில் ஒரு வசதி உண்டு. எவ்வளவு கோபம் வந்தாலும் அந்த ‘ங்க’ மட்டும் விட்டுப் போகாது. கேட்கிறவர்களுக்கு நான் மரியாதை கொடுக்கிறேனா, திட்டுகிறேனா என்றே தெரியாது.

"ஒனக்கு ஏத்த சைஸுல கவர் கெடைக்கலட்டி" என்பார் அவர். அவர் திருநெல்வேலிப் பக்கம். வேலை தேடி இங்கே வந்து, இங்கேயே வேர் விட்டவர். நான் சாமளாபுரத்துக்காரி, தறி ஓட்டிப் பிழைத்த குடும்பம். அதே கம்பெனியில் நான் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வரும் பனியனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்கும் வேலை. என் மேசையைத் தாண்டித்தான் சரக்கு அவர் மேசைக்குப் போகும். அப்படியே பேச்சு வளர்ந்து கல்யாணத்தில் போய் நின்றது.

இரண்டு வீட்டுக்கும் பிடிக்கவில்லை. அவர் வீட்டில் முணுமுணுத்தார்கள். என் வீட்டில் என்னைத் தலைமுழுகியே விட்டார்கள். சாமளாபுரம் பஸ் மங்கலம் ரோட்டில் என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். குழந்தையும் தங்கவில்லை. ஆக, எனக்கு அவர், அவருக்கு நான். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் என்னை என்னவென்று கேட்க இந்த ஊரில் ஆள் கிடையாது. இதைச் சொல்லிவிட்டால்தான் மற்றது புரியும்.

மின்வெட்டு எங்களைப் படாத பாடு படுத்திய வருஷங்கள் அவை. கம்பெனியில் சரக்குத் தூக்கும் லிஃப்ட் பாதி நேரம் வேலை செய்யாது. பெட்டிகளைப் படியில் சுமந்து இறக்க வேண்டும். பொறுப்பில் இருக்கிறவர் ஆளை விட்டுச் செய்யச் சொல்லலாம். இவரோ தானும் ஒரு பெட்டியைத் தோளில் வைத்தால்தான் தூக்கம் வரும் என்கிற ரகம். ஒருநாள் படி நடுவில் பெட்டியோடு உட்கார்ந்துவிட்டார். நெஞ்சை யாரோ இரண்டு கையாலும் பிழிகிற மாதிரி இருந்ததாம். இடது கை மரத்துப் போனதாம். அப்போதும் பெட்டியைக் கீழே வைக்கவில்லை, மடியில் வைத்திருந்தார் என்று சொன்னார்கள்.

எங்கள் தெருவில் ஒரு டாக்டரம்மா உண்டு. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்துக்கு ரத்தம் கொண்டு போகிற குழாய் சுருங்கியிருக்கிறது என்றார். பீடியை அன்றைக்கே விடச் சொன்னார். தினமும் போட மாத்திரை தந்தார். அதோடு பழுப்புக் கண்ணாடியில் ஒரு சின்னப் பாட்டில். கட்டை விரல் அளவுதான் இருக்கும். "நெஞ்சு வலி வந்தா உக்காந்துக்கோங்க. இதுல ஒண்ண நாக்குக்கு அடியில வைங்க. முழுங்கக் கூடாதுங்க. கேக்கலைன்னா இன்னொண்ணு. அதுக்கும் கேக்கலைன்னா யோசிக்காம ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிருங்க. பாட்டில நல்லா மூடி வைங்க." அவர் மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். கடைசி வாக்கியம் மட்டும் அவருடைய பேக்கிங் மூளைக்குள் போய் வேறு ஒன்றாக மாறிவிட்டது.

முதல் தடவை அதைப் போட்டபோது பக்கத்தில்தான் இருந்தேன். "நாக்கடியில சுள்ளுங்குட்டி, மொளகு கடிச்ச மாதிரி" என்றார். கொஞ்ச நேரத்தில் நெஞ்சில் இருந்த பிடி மெல்ல விட்டது. முகத்தில் ரத்தம் வந்தது. உடனே இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "எப்பா, மண்டை வெடிக்கி!" நெஞ்சு வலி போய்த் தலைவலி வந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் நேரே டாக்டரம்மாவிடமே போய் நின்றேன். மாத்திரை குழாயை விரிக்கிறது, தலைக்குள் இருக்கிற குழாயும் சேர்ந்து விரிகிறது, அதனால் வலிக்கிறது, பயப்படாதீர்கள் என்றார் அவர். சரி என்று திரும்பி வந்தேன். ஆனால் மனசு ஒப்பவில்லை. ஒரு வலிக்கு இன்னொரு வலியைக் கொடுக்கிறது என்ன வைத்தியம் என்று நாள் முழுக்கப் புலம்பினேன்.

அவருக்கு அந்தத் தலைவலி மகா எரிச்சல். மண்டை வலியோடு நின்றால் ‘எம்’ சைஸ் பெட்டியில் ‘எல்’ போய்விடும் என்று பயப்படுவார். போதாக்குறைக்கு அயர்ன் மேசையில் சாத்தூர்க்காரர் ஒருவர் இருந்தார். வெடி ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், சும்மா இருப்பாரா? பாட்டிலைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணாச்சி, இது என்ன மருந்து தெரியுமா? பாறையப் பொளக்க வைப்பாங்கள்ல வெடி, அதுல உள்ள மருந்துதான் இது. அயர்ன் பாக்ஸ் பக்கத்துல வராதீங்க. நீங்க வெடிச்சா சிப்மென்ட்டுல்லா போயிரும்!"

கேலிக்குச் சொன்னதுதான். ஆனால் சொன்னதில் பொய் இல்லை. டாக்டரம்மாவிடம் கேட்டபோது, ஆமாம், அதே மருந்துதான், மாத்திரையில் துளியூண்டுதான் இருக்கிறது, வெடிக்கவே வெடிக்காது என்று சிரித்தார். இவர் சிரித்தாரே தவிர, வீட்டுக்கு வந்ததும் பாட்டிலை அடுப்புக்கு எதிர்மூலையில் கொண்டு போய் வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலையை ஆரம்பித்தார். நடுக்கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்தார். கம்பெனியிலிருந்து வெள்ளைப் பனியன் வேஸ்ட் ஒரு கை கொண்டு வந்திருந்தார். கட்டிங்கில் விழுகிற துண்டுத் துணி. பூ மாதிரி மெத்தென்று இருக்கும். அதைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டினார். பாட்டிலைக் கவிழ்த்து, ஒவ்வொரு மாத்திரையாக எடுத்து, துணியில் சுருட்டி, கம்பெனிக்குப் பட்டன் போட்டு வருகிற குட்டிப் பாலித்தீன் கவருக்குள் தள்ளி, விரலால் காற்றை அமுக்கி, டேப் ஒட்டினார்.

"என்னங்க இது அக்கப்போரு?"

"கண்ணாடி பாட்டிலு பாக்கெட்டுல இருந்து விழுந்தா என்னாவும்? பொடிப்பொடியாப் போயிரும். ஒவ்வொரு தடவையும் மூடியத் தொறந்தா ஈரக்காத்து உள்ள போவும். இப்பம் பாரு. ஈரம் அண்டாது, தூசி அண்டாது, மாத்திரை ஒடையாது. மொத்தமா ஒரே எடத்துல இருக்கவும் வேண்டாம், பாத்தியா?" கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் தணிவாகச் சொன்னார். வெடி விஷயம் இன்னும் மனசில் இருந்திருக்கிறது.

திட்ட வாயெடுத்தேன். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. வரிசையாக அடுக்கிய குட்டிப் பொட்டலங்கள், எல்லாம் ஒரே அளவு, எதிலும் சுருக்கமில்லை. செக்கிங்காரி கண்ணால் பார்த்தும் ஒரு குறை சொல்ல முடியவில்லை. அவற்றைச் சட்டைப் பைகளில் போட்டார். வீட்டில் அங்கங்கே எங்கெல்லாமோ செருகி வைத்தார். காலிப் பாட்டிலைக் கழுவி நான் கிராம்பு போட்டு வைத்துக்கொண்டேன்.

சில வாரம் போனது. ஒருநாள் வேலை முடிந்து வந்தவர் செருப்பைக் கூடக் கழற்றாமல், "ஏட்டி, இன்னைக்கு மாத்திரை போட்டேன், தலையே வலிக்கல" என்றார். அடுத்த தடவையும் வலிக்கவில்லை. நாக்கில் அந்தச் சுள்ளாப்பும் இல்லையாம். உடம்புக்கு மருந்து பழகிவிட்டது என்று முடிவு கட்டினோம். பீடியை விட்டதற்குக் கூலி கிடைத்துவிட்டது என்று அவருக்குச் சந்தோஷம். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். பாயசமும் வைத்தேன். இப்போது நினைத்தால் அந்தப் பாயசம் தொண்டையில் நிற்கிறது.

மாத்திரை போட்டால் வலி போகிறதா என்று அப்போதும் கேட்டேன். "போவுதுட்டி, கொஞ்சம் மெதுவாப் போவுது" என்றார். வலி வந்ததும் உட்கார்ந்துவிடுவார் அல்லவா? உட்கார்ந்ததிலேயே அது தணிந்திருக்கிறது. நாங்கள் மாத்திரைக்குப் பெருமை சேர்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் என் தம்பி வந்தான். இத்தனை வருஷம் கழித்து எங்கள் வாசலில் பைக்கை நிறுத்தி, செருப்பை வெளியில் விட்டு, உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றான். அவனுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவள் நின்று செய்யும் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. புதுச் சேலையின் ஒரு முனை தம்பி கையில், மறுமுனை அக்கா கையில். அக்கா என்று ஒருத்தி உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தியை நிறுத்த அவனுக்கு மனசு வரவில்லை. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், தடுக்கவும் ஆளில்லை.

"நீ வராட்டி எனக்கு அந்தச் சீரே வேண்டாங்க்கா" என்றான். என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நீங்களும் வந்துருங்க" என்றான். மாமா என்று சொல்ல வாய் வரவில்லை. இவர் அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. தம்பி கொடுத்த பத்திரிகையை அன்றைக்கே கவரில் போட்டு வைத்தார்.

கல்யாணத்தன்று விடிந்ததிலிருந்தே அவர் முகம் சரியில்லை. கேட்டதற்கு, சட்டைக் காலர் இறுக்குகிறது என்றார். சாமளாபுரம் மண்டபத்தில் அவரைக் கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் விட்டுவிட்டு நான் மேடைக்குப் போனேன். யாரும் அவரை முன்னால் வந்து உட்காரச் சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் என் கையில் சேலை முனையைக் கொடுத்துவிட்டார்கள். சீரை நடத்தி வைக்கும் பெரியவரான அருமைக்காரர் ஒவ்வொன்றாகச் சொல்ல, தம்பி மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். சின்ன வயதில் என் இடுப்பை விட்டு இறங்காதவன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்தக் கண்ணோடுதான் நிமிர்ந்து கடைசி வரிசையைப் பார்த்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்துக்கொண்டிருந்தார். துணியை நீக்கி மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தார். நெற்றி வியர்வையில் மினுங்கியது. நான் பார்ப்பதைப் பார்த்ததும் கையை ஆட்டினார்: ஒன்றுமில்லை, நீ பார். சேலை முனையை விட முடியாது. இன்னொரு கையால் என் தலையைத் தொட்டு, வலிக்கிறதா என்று சைகையில் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே இல்லை என்று தலையாட்டினார்.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். தலை வலிக்கவில்லை என்றால் நல்லபடியாக இருக்கிறார். எங்கள் கணக்கு அப்படித்தான் இருந்தது. நான் அருமைக்காரர் பக்கம் திரும்பி, அவர் சொன்ன இடத்தில் பொட்டு வைத்தேன்.

நாற்காலி சாய்கிற சத்தம் கேட்டது. பிறகு யாரோ, "பின்னால ஒருத்தரு உழுந்துட்டாரு" என்று கத்தினார்கள். சேலை முனை என் கையிலிருந்து எப்போது நழுவியது என்று எனக்குத் தெரியாது. எனக்கு முன்னால் ஓடியது தம்பிதான், மாலையும் தலைப்பாகையுமாக. கடைசி வரிசையில் மண்டியிட்டு அவரை மடியில் தாங்கி, "மாமா, கண்ணத் தொறங்க மாமா. மாமா, என்னப் பாருங்க" என்று கன்னத்தைத் தட்டினான். அவரைச் சுற்றித் தரையில் பிரித்துப் போட்ட குட்டிக் கவர்கள் கிடந்தன. ஒன்று இரண்டல்ல. மண்டபத்துக்கு வந்ததிலிருந்து போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

பொண்ணு மாப்பிள்ளைக்காகப் பூச்சுற்றி நிறுத்தியிருந்த காரில் அவரை ஏற்றித் திருப்பூருக்கு விரட்டினோம். மாப்பிள்ளை முகூர்த்தத்துக்கு முன்னால் மண்டபத்தை விட்டுப் போகக் கூடாது என்று தம்பியைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். அவன் நண்பன்தான் ஓட்டினான். வழியில் மங்கலத்தில் எல்லோரும் கல்யாணக் கார் என்று ஒதுங்கி வழி விட்டார்கள். உள்ளே நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "போயிராதீங்க, போயிராதீங்க" என்று மட்டும் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டு போய், கையில் ஊசி குத்தி, மருந்தை ஏற்றினார்கள். வெகுநேரம் கழித்து ஒரு டாக்டர் வெளியே வந்தார். கோயமுத்தூர்ப் பக்கத்துப் பேச்சு, பதறாத குரல். "இப்ப பரவாயில்லீங்க. நூலிழைல தப்பிச்சாரு. வலி வந்தா வைக்கற மாத்திரை ஊட்டுக்குக் குடுத்திருக்கறாங்களா?"

"குடுத்திருக்கறாங்க. போட்டாருங்க. நாலஞ்சு போட்டிருப்பாருங்க."

"போட்டும் கேக்கலையா? போட்டா நாக்குல சுள்ளுன்னு இருக்குமுங்களே, தலை வலிக்குமுங்களே. வலிச்சுதுங்களா?"

எனக்கு அந்த நேரத்திலும் ஒரு பெருமை. "இல்லீங்க. அதெல்லாம் நின்னு ரொம்ப நாளாச்சுங்க. இப்பல்லாம் தலை வலிக்கறதே இல்லீங்க."

டாக்டர் முகம் மாறிவிட்டது. மாத்திரையைக் காட்டுங்கள் என்றார். என் வீட்டுக்காரரின் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்திருந்தார்கள், அதிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். டேப்பை நகத்தால் கிழித்து, கவரை விலக்கி, உள்ளே இருந்ததை விரலில் எடுத்தார்.

"இதென்னங்க துணி?"

"பனியன் வேஸ்ட்டுங்க. நல்ல துணிங்க, சாயம் போடாதது."

அவர் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, எனக்குப் புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். "இந்த மருந்து லேசுல ஆவியாப் போயிருமுங்க. அதனாலதான் கண்ணாடி பாட்டில்ல போட்டு இறுக்கி மூடிக் குடுக்கறாங்க. பாலித்தீன் கவர் அதத் தடுக்காதுங்க, தாண்டிப் போயிரும். பஞ்சு, துணியெல்லாம் அத உறிஞ்சிக்கும். மருந்தப் பூரா பனியன் குடிச்சிருச்சுங்க. உங்க வீட்டுக்காரரு வெறும் மாவத்தான் நாக்குக்கு அடியில வெச்சிட்டிருந்திருக்கறாரு. தலை வலிக்காமப் போச்சே, அன்னிக்கே மருந்தும் போயிருச்சுங்க."

ஈரம் உள்ளே போகக் கூடாது, தூசி உள்ளே போகக் கூடாது என்று பார்த்துப் பார்த்து ஒட்டினார் அந்த மனுஷர். பனியனுக்கு வருகிற ஆபத்தெல்லாம் வெளியிலிருந்து வருவது. உள்ளே இருப்பது தானாக எழுந்து வெளியே போய்விடும் என்று பேக்கிங்கில் இருக்கிற எவருக்குத் தோன்றும்? எனக்கும்தான் தோன்றவில்லை. அழகாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அவரை வார்டுக்கு மாற்றிய பிறகு அந்த டாக்டர் இன்னும் கொஞ்சம் சொன்னார். ரத்தக் குழாயின் உள்பக்கம் மெல்லிய சவ்வு மாதிரி ஒன்று இருக்கிறதாம். அது ஓயாமல் ஒரு வாயுவை உண்டாக்கிக்கொண்டே இருக்குமாம். நைட்ரிக் ஆக்சைடு என்று பெயர். பிறந்த சில நொடியில் மறைந்துவிடும். அதற்குள் குழாயின் சுவரிடம் ‘தளர்ந்து கொடு’ என்று சொல்லிவிட்டுப் போய்விடும். உடனே குழாய் விரியும், ரத்தம் தாராளமாகப் போகும்.

"பனியன் கழுத்துல ரிப் வெச்சிருப்பாங்களே, தலை போறப்ப விரிஞ்சு குடுக்குமே, அந்த மாதிரி வெச்சுக்கங்க. பீடிப் புகை அந்தச் சவ்வக் கெடுத்துருச்சுங்க. வாயு கொறஞ்சு போச்சு, கொழா விரிய மாட்டேங்குது. அதத்தான் இந்த மாத்திரை வெளிய இருந்து குடுக்குது. உள்ள போயி அதே வாயுவா மாறிரும்."

நைட்ரிக் என்றதும் எனக்குச் சாயப்பட்டறை அமிலம்தான் ஞாபகத்துக்கு வந்தது. விஷமில்லையா என்று கேட்டேன். வண்டிப் புகையில் வருவதும் இதே வாயுதான், அங்கே கெடுதல்தான் என்றார். உடம்பு தனக்கு வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு செய்து, உடனே அழித்தும் விடுகிறதாம். கீரை, பீட்ரூட்டெல்லாம் சாப்பிட்டால் அதற்கும் கொஞ்சம் ஒத்தாசை. நடந்தால் இன்னும் நல்லது என்றார். நான் கேட்டுக்கொண்டே என் கையைப் பார்த்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை பச்சை நரம்பு ஓடுகிறது. இத்தனை வருஷமாக, நான் கத்தும்போதும் தூங்கும்போதும், எனக்குள்ளே ஒன்று நொடிக்கு நொடி பிறந்து, தளர்ந்து கொடு என்று சொல்லிவிட்டுச் செத்துக்கொண்டிருந்திருக்கிறது. இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல்தான் நான் இவ்வளவு நாள் உயிரோடு இருந்திருக்கிறேன்.

சாயங்காலம் அவர் கண்ணைத் திறந்து நன்றாகப் பார்த்தார். வறண்ட வாயால் முதலில் கேட்டது, "சீரு முடிஞ்சுதா?"

எனக்கு வந்ததே கோபம்! "ஏனுங்க, உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா? காலைல இருந்து நெஞ்சு வலிய வெச்சுக்கிட்டு வாயத் தொறக்காம உக்காந்திருந்தீங்களே, நீங்க மனுசனுங்களா?" என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். நர்ஸ் ஓடி வந்தார்.

"சொல்லியிருந்தா நீ மேடைக்குப் போயிருக்க மாட்டட்டி" என்றார் அவர். "இத்தனை வருசங்கழிச்சு ஒன்னைய ஒன் வீட்டுல கூப்பிட்டுருக்காவ." நான் கட்டிலை விட்டுவிட்டு அவர் போர்வையை இழுத்து விட்டேன். தம்பி தாலி கட்டிய கையோடு, புதுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு அங்கேதான் வந்து நின்றான். ‘எப்படி இருக்கீங்க மாமா’ என்று கேட்டான்.

அன்றைக்குத் துணி எடுக்க வீட்டுக்குப் போனபோது எல்லாப் பொட்டலத்தையும் தேடி எடுத்துக் குப்பையில் போட்டுவிட வேண்டும் என்று இறங்கினேன். கடிகாரத்துக்குப் பின்னால் இருந்தது, தெரியும். தலையணை உறைக்குள் இருந்தது, அதுவும் தெரியும். குளியலறை ஜன்னல் மேட்டில் இருந்தது எனக்குத் தெரியாது. மாடிப்படித் திருப்பத்தில், மீட்டர் பெட்டிக்கு மேல் ஒன்று. தண்ணீர்க் குடம் தூக்கி வரும் வழியில், சுவர்ப் பொந்தில் ஒன்று. எடுத்துக்கொண்டே வந்தவள் அந்தப் பொந்தின் பக்கத்தில் நின்றுவிட்டேன். சும்மா வைக்கவில்லை அவர். இந்த இடங்களிலெல்லாம் அவருக்கு வலி வந்திருக்கிறது. வந்த இடத்தில் வைத்திருக்கிறார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. குடத்தைக் கொண்டு வந்து இறக்கிவிட்டு, ‘இன்னைக்குத் தண்ணி நல்லா வருதுட்டி’ என்பார்.

என் டிபன் பைக்குள்ளும் ஒன்று இருந்தது. நான் பக்கத்தில் இருக்கும்போது விழுந்தால் நான் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது என்று வைத்திருக்க வேண்டும். அதற்கு மட்டும் இரண்டு சுற்று டேப் ஒட்டியிருந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். கவர் கவர் என்று எவ்வளவு திட்டியிருப்பேன். உள்ளே மருந்து இல்லை, ஆனால் அந்த மனுஷருக்கு என்மேல் இருந்தது முழுசாக இருந்தது.

கோயமுத்தூருக்கு அனுப்பி, அடைத்திருந்த ஒரு பெரிய குழாயை விரித்துவிட்டார்கள். சின்னக் குழாய்களில் கை வைக்க முடியாது, எப்போதாவது வலி வரும், மாத்திரை போதும் என்றார்கள். புதுப் பாட்டில் வந்தது. அவர் அதைப் பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, கை துறுதுறுக்கிறது என்று.

"அதுல கைய வெச்சீங்கன்னா கைய ஒடிச்சுப் போடுவனுங்க" என்றேன். பாட்டில் பாட்டிலாகவே அவர் சட்டைப் பையில் இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. டிவி ஓடிக்கொண்டிருந்தது. பரணிலிருந்து எதையோ இறக்கியவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் வெளிறியிருந்தது. அவரே பாட்டிலைத் திறந்து மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தார். நான் எதிரில் தரையில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தேன்.

"சுள்ளுங்குதுங்களா?"

"ம்."

அந்த ‘ம்’ போதவில்லை எனக்கு. ஒருமுறை ஏமாந்தவள். டாக்டர் சொன்னதை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அது கரைந்து, ரத்தத்தில் கலந்து, உள்ளே எங்கேயோ அந்த வாயு பிறக்க வேண்டும். பிறந்து அந்தக் குழாயிடம் சொல்ல வேண்டும். கண்ணால் பார்க்க முடியாது, தொட முடியாது, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று சோதிக்க முடியாது. அவர் கண்ணை மூடியிருந்தார். தம்பிக்குப் போன் போடலாமா என்று எழப் போனேன்.

அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். முகத்தைச் சுளித்தார். "ஏட்டி, மண்டை வெடிக்கி. அந்த டிவிய நிறுத்தித் தொலை."

நான் டிவியை நிறுத்தினேன். நிறுத்திவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுதேன்.

"தலை வலிக்கின்னு சொல்லுதேன், இப்பம் எதுக்குட்டி கூப்பாடு போடுத?"

"வலிக்கட்டுமுங்க" என்றேன். "நல்லா வலிக்கட்டுமுங்க."